தெருவுல விழுற மழை வயலுக்கு வரணும்

என் ரெண்டு ஏக்கர் நிலம் காரைக்குடிக்குப் பக்கத்தில், ஒரு கண்மாய்ப் பாசனத்தில் இருக்கிறது. இயற்கை விவசாயம் பண்றவன் டவுன் தெருவைப் பத்தி ஏன் எழுதுறான்னு கேப்பீங்க. எங்க கண்மாய்க்கு வர்ற தண்ணியில் ஒரு பங்கு, ஊருக்குள்ள விழுற மழை. இப்போ மழை பெஞ்சா தண்ணியோட சாக்கடையும் பிளாஸ்டிக் பையும் சேர்ந்து இறங்குது. நான் மண்புழு உரமும் அமுதக்கரைசலும் போட்டுத் தேத்துற மண்ணில்தான் அதுவும் வந்து படியுது.

செட்டிநாடு வறண்ட சீமை. வற்றாத ஆறு கிடையாது. நெல்லுக்கு நாம் நம்புவது வடகிழக்குப் பருவமழையைத்தான். இதைத் தெரிந்தே நம் முன்னோர்கள் ஊரைக் கட்டினார்கள். பழைய நகரத்தார் வீடுகளில் ஓட்டுக்கூரை முற்றத்தை நோக்கிச் சரியும். அங்கே விழும் மழையை அண்டாவில் பிடித்தார்கள். மிச்சம் கிணற்றுக்கும், கால்வாய் வழியே ஊருணிக்கும் போனது. குடிதண்ணி ஊருணியில் குளிக்கவோ துவைக்கவோ விடமாட்டார்கள். ஊருணி நிறைந்து வழிந்தால் கண்மாய்க்கு, கண்மாயிலிருந்து வயலுக்கு. செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறியபோது, மாளிகைகளோடு இந்த நீர் ஏற்பாடும் சேர்த்தே பேசப்பட்டது.

குழாயும் போர்வெல்லும் வந்த பிறகு ஊருணி யாருக்கும் தேவைப்படலை. வரத்துக்கால் மேல கட்டடம் வந்துச்சு, ஊருணி குப்பைக்குழி ஆச்சு. 2003-ல் தமிழக அரசு எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. நல்ல சட்டம். ஆனா பலர் காட்டுறதுக்காக ஒரு குழாயை மாட்டி, அரை அடி மண்ணுல சொருகி வச்சாங்க. உண்மையைச் சொன்னா, டவுன்ல இருக்கிற எங்க வீட்டுலயும் அப்படித்தான் செஞ்சோம்.

எவ்வளவு தண்ணியை விடுறோம்னு ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை விழுந்தால் 1 லிட்டர். 1,000 சதுர அடி மாடி என்பது 93 சதுர மீட்டர். 50 மி.மீ. மழைக்கு 4,650 லிட்டர். சேதாரம் போக 3,700 லிட்டர்னு வைங்க. 40 வீடுள்ள தெருவுக்கு ஏறத்தாழ 1,48,000 லிட்டர். அதாவது 12,000 லிட்டர் லாரி பன்னிரண்டு! பருவம் மாறி, பெய்யும் மழை கொஞ்ச நாளிலேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது. அதனால் விழும்போதே பிடிக்க வேண்டும்.

ஒரு தெரு செய்யக்கூடியவை:

1. புரட்டாசியிலேயே மாடியைக் கூட்டி, குழாய் வாயில் வலை கட்டுங்கள். முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள்.

2. கிணறு இருந்தால், மணலும் கூழாங்கல்லும் போட்ட வடிகட்டித் தொட்டி வழியே அதில் விடுங்கள். இல்லையென்றால் 3 அடி அகலம், 5 அடி ஆழத்தில் குழி எடுங்கள். நம்ம பக்கம் செம்புறாங்கல் கெட்டி. குழியில் தண்ணி ஊற்றிப் பாருங்கள். மறுநாளும் நின்றால், அடியில் துளை போட்டுக் கூழாங்கல் நிரப்புங்கள். செப்டிக் டேங்க் பக்கம் குழி வேண்டவே வேண்டாம்.

3. தெருவின் வரத்துக்கால் எந்த ஊருணிக்குப் போனதுன்னு பெரியவர்களிடம் கேட்டு, நடந்து பாருங்கள். சாக்கடை கலக்கும் இடத்தைக் குறித்து நகராட்சியிடமோ ஊராட்சியிடமோ எழுத்தில் கொடுங்கள். சாக்கடையைப் பிரிக்காமல் ஊருணியில் விட்டால் கிணறும் கெடும்.

4. ஊருணிக் கரையிலும் தெருவோரத்திலும் வேம்பு, புங்கன், பூவரசு வையுங்கள். வெயிலுக்கு நிழல், நமக்குத் தழை.

5. சமையலறைக் கழிவைத் தனியாகப் பிரித்து வையுங்கள். என்னிடம் கீரை வாங்கும் 12 வீடுகள் அப்படித் தருகின்றன. கீரைக்கூடை போகுது, காய்கறித் தோல் வாளி திரும்பி வருது. அவ்வளவும் உரக்குழிக்கு. கால்வாயில் போய் அடைக்க வேண்டியது என் மண்ணுக்குச் சாப்பாடாகுது.

உழவர்களே, இது டவுன்காரங்க வேலைன்னு ஒதுங்காதீங்க. காய் விக்கப் போற தெருவுல முதல் பேச்சை நாமதான் எடுக்கணும். போன வருஷம் எங்க வீட்டுக் குழாயைக் கிணத்துல விட்டேன். இந்த வருஷம் பக்கத்துல நாலு வீட்டுக்காரங்க குழி எடுக்கச் சம்மதிச்சிருக்காங்க. ஐப்பசிக்குள்ள முடிச்சாகணும்.