‘ஹைப்பர்’, ‘சூப்பர்’ முன்னொட்டுகளின் தமிழாக்கம்: மிகை, மீ, கடந்த

ஆங்கிலத்தில் மிகுதியையும் மேல்நிலையையும் உணர்த்தும் முன்னொட்டுகளுள் ஹைப்பர், சூப்பர், ஓவர் ஆகிய மூன்றும் குறிப்பிடத்தக்கவை. முறையே கிரேக்கம், இலத்தீன், செருமானியம் வழிப்பட்ட இவை இந்தோ-ஐரோப்பிய மூலமொழியின் ஒரே வேரினின்று கிளைத்தவை. ‘மேல்’ என்னும் இடப்பொருளே அவ்வேருக்குரியது. அளவு கடத்தல் என்னும் பொருள் அதன்வழி விரிந்தது. இவ்விரு பொருளையும் பிரித்தறியாது தமிழாக்கும்போது கலைச்சொற்களில் மயக்கம் நேர்கிறது.

ஹைப்பர்கிளைசீமியா என்பது குருதியில் சர்க்கரை அளவு மீறிய நிலை. இதனை ‘மிகைச் சர்க்கரை’ எனல் பொருந்தும். ஏனெனில் ‘மிகை’ என்னும் சொல் தமிழ் மரபில் குறைப்பொருளையும் உடன் சுமப்பது; நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களுள் ‘மிகைபடக் கூறல்’ ஒன்று. டெட் நெல்சன் 1965இல் அறிமுகப்படுத்திய ஹைப்பர்டெக்ஸ்ட் என்னும் சொல்லில் அக்குறைப்பொருள் இல்லை. ஒரு பனுவல் தன் எல்லை கடந்து பிற பனுவல்களோடு இணைவதே கருத்து. அதனை ‘மிகையுரை’ என்றால் வீண்விரிவு என்றே பொருள்படும். ‘மீயுரை’ என்பதே தகும். (ஹைப்பர்டென்ஷனுக்கும் ‘மிகை’ பொருந்துமாயினும் ‘உயர் இரத்த அழுத்தம்’ மக்கள் வழக்கில் வேரூன்றிவிட்டது, அதனை மாற்ற முனைய வேண்டுவதில்லை.)

இதனினும் சிக்கலானது ‘மீயொலி’. அல்ட்ராசவுண்ட், சூப்பர்சானிக் ஆகிய இரண்டின் தமிழாக்கத்திலும் இச்சொல் இடம்பெறுகிறது. முன்னது 20,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வெண் கொண்ட, மனிதச் செவிக்கு எட்டாத ஒலி. பின்னது ஒலியின் வேகத்தை விஞ்சிய வேகம். அல்ட்ரா வேறொரு வேரினது என்பது ஒருபுறமிருக்க, வேறுபாடு சொற்புணர்ச்சியிலேயே உள்ளது. முன்னதில் முன்னொட்டு ஒலிக்கு அடையாகிறது. பின்னதில் ஒலி, விஞ்சப்படும் அளவுகோலாக நிற்கிறது. ஆங்கில முன்னொட்டு இவ்விரு உறவையும் ஒரே வடிவில் அடக்கிவிடும். தமிழிலோ விஞ்சப்படுவது முன்னும் விஞ்சுதல் பின்னும் வருதலே இயல்பு. சூப்பர்நேச்சுரல் என்பதை ‘இயற்கை கடந்த’ என வழங்குவது இவ்வியல்பை ஒட்டியதே. அம்முறையில் சூப்பர்சானிக்கை ‘ஒலிகடந்த வேகம்’ எனலாம். ‘மீயொலி’ அல்ட்ராசவுண்டுக்கு மட்டும் உரியதாகும்.

ஒலியின் வேகத்தினும் ஐந்து மடங்கு மேற்பட்ட ஹைப்பர்சானிக்குக்கு ‘அதி’, ‘மீ’ என முன்னொட்டுகளை அடுக்க வேண்டுவதில்லை. உறு, தவ, நனி ஆகியவற்றை மிகுதிப்பொருள் தரும் உரிச்சொற்களாகத் தொல்காப்பியம் சுட்டுகிறது. அவற்றுள் ‘நனி’ வினைக்கு இயல்பாக அடையாகுமாதலின் ‘ஒலி நனிகடந்த வேகம்’ என்பது அமையும்.