பிரிட்டனில் வீடு தேடி வந்த மருத்துவச்சி

பேறுகாலம் என்றதும் நம் நினைவு தாய்வீட்டை நாடுகிறது. பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலங்களில் குடித்தனம் நடத்தும் நமக்கு, வேளை வரும்போது யார் துணை என்னும் கவலை புதியதன்று. இக்கவலைக்கு இங்கிலாந்தும் வேல்ஸும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கண்ட பரிகாரத்தைச் சற்று ஆராய்வோம்.

அங்கும் முற்காலத்தில் அண்டை வீட்டு அனுபவசாலிகளே பெரும்பாலும் பிரசவம் பார்த்தனர். 1902ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சியையும் பதிவையும் வகுத்தது. ஆயினும் அவர்களுள் பலர் தாய்மார் தரும் கூலியையே நம்பி வாழ்ந்தனர். ஏழை வீடுகளில் அக்கூலி கிட்டுவது நிச்சயமில்லை. 1936ஆம் ஆண்டுச் சட்டம் இக்குறையைப் போக்க முற்பட்டது. சம்பளம் பெறும் மருத்துவச்சிகள் தத்தம் பகுதிகளில் கிடைக்கச் செய்வது ஸ்தல ஸ்தாபனங்களின் கடமையாயிற்று. 1948 ஜூலை 5ஆம் நாள் தேசிய சுகாதார சேவை தொடங்கியபின், தாய்மார் இதற்குக் கட்டணம் செலுத்தும் தேவையே ஒழிந்தது.

கருவுற்ற பெண் தன் பகுதி மருத்துவச்சியிடம் முன்னதாகவே பதிந்துகொள்வாள். அவர் வீட்டுக்கு வந்து, அறையும் படுக்கையும் நீர் வசதியும் ஏற்றவைதாமா என்று பார்ப்பார். வலி கண்ட செய்தி எட்டியதும், நள்ளிரவானாலும், கைப்பையுடன் சைக்கிளில் வந்து சேர்வார். பிற்காலத்தில் பலர் சிறு காரில் வந்தனர். அடுப்பில் வெந்நீர் கொதிக்கும். பழைய செய்தித்தாள்கள் படுக்கையைக் காக்கும். நைட்ரஸ் ஆக்சைடைக் காற்றுடன் கலந்து தந்து வலியைத் தணிக்கும் மின்னிட் கருவியை மருத்துவச்சிகளே கையாள 1936இல் அனுமதி கிடைத்தது. சிக்கல் தோன்றினால் மருத்துவரை அழைத்தே ஆகவேண்டும் என்பது விதி. உயிருக்கு ஆபத்தான நிலையில் மருத்துவமனையின் ‘பறக்கும் படை’ செலுத்துவதற்கான இரத்தத்துடன் வீட்டுக்கே விரையும். குழந்தை பிறந்தபின்னும் மருத்துவச்சி பல நாள் வந்து தாயையும் சேயையும் கவனிப்பார்.

1930களின் தொடக்கத்தில் அங்கே ஆயிரம் பிரசவங்களுக்கு ஏறத்தாழ நான்கு தாய்மார் மாண்டனர். அந்நிலை விரைந்து மாறியதற்கு மருத்துவச்சியின் திறமை மட்டும் காரணமன்று. 1936இல் லண்டன் குவீன் சார்லட்ஸ் மருத்துவமனையில் லெனார்டு கோல்புரூக் பிரசவ ஜுரத்துக்குச் சல்பா வகை மருந்தின் பயனைக் காட்டினார். பின்னர் பெனிசிலினும் இரத்த தானமும் துணைநின்றன.

1960 அளவிலும் மூன்றில் ஒரு குழந்தை வீட்டிலேயே பிறந்தது. ஆனால் 1970இல் பீல் குழு எல்லாப் பிரசவங்களுக்கும் மருத்துவமனையில் இடமிருக்க வேண்டுமென்றது. 1980களில் வீட்டுப் பிரசவம் நூற்றுக்கு ஒன்றளவாகச் சுருங்கியது. 2011இல் இங்கிலாந்தில் வெளியான பேராய்வு ஒன்று, ஆபத்துக் குறிகளற்ற தாய்க்கு இரண்டாம் பேறு முதல் வீட்டில் பிரசவிப்பதால் குழந்தைக்குக் கூடுதல் தீங்கில்லை என்றும், தலைப்பிரசவமாயின் ஆபத்து சற்று மிகுதி என்றும் கண்டது. பயிற்சி பெற்ற மருத்துவச்சியும், தேவைப்பட்டால் செல்ல மருத்துவமனையும் உள்ள நாட்டில் கண்ட முடிவு இது என்பதை நாம் மறக்கலாகாது.

இவ்வரலாறு நம்மை வீட்டிலேயே பிரசவம் பார்க்கச் சொல்லவில்லை. தாய்வீடு தொலைவிலிருப்பினும், பயிற்சி பெற்ற ஒருவரை முன்னதாகவே அறிந்து பதிந்துகொள்ளவும், ஆபத்தில் செல்லவேண்டிய இடத்தையும் வழியையும் முன்பே தீர்மானித்து வைக்கவுமே சொல்கிறது. வலி கண்டபின் விசாரிக்கத் தொடங்கினால் காலம் காத்திராது.