உங்களுக்குத் தெரியுமா?

சென்னை மணலியில் உள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் ஈரானுக்கும் பங்கு உண்டு! 1965-இல் இந்த ஆலைக்கான மெட்ராஸ் ரிஃபைனரீஸ் நிறுவனம் தொடங்கியபோது மத்திய அரசுக்கு 74 சதவீதம். அமெரிக்காவின் அமோகோ, ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனம் இரண்டுக்கும் தலா 13. ஆலை 1969-இல் இயங்கத் தொடங்கியது. அப்போதைய திறன் ஆண்டுக்கு 25 லட்சம் டன். இன்று 105 லட்சம் டன்.

1979 ஈரான் புரட்சிக்குப் பின் அமெரிக்காவும் ஈரானும் பகை நாடுகளாயின. மணலியிலோ இருவரும் சில ஆண்டுகள் பங்காளிகளாகவே நீடித்தார்கள். வியப்பான வரலாறு இது. 1985-இல் அமோகோ விலகியது. ஈரான் விலகவில்லை; அதன் அரசு எண்ணெய் நிறுவனத்தின் கிளையான நாஃப்டிரான் இன்றும் பங்குதாரர்.

2000-இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸின் பெயர் சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் (சிபிசிஎல்) ஆனது. பெரும்பான்மைப் பங்கு இப்போது இந்தியன் ஆயிலிடம். நகரின் கழிவுநீரைச் சுத்திகரித்து ஆலைக்குப் பயன்படுத்துவதிலும் இது முன்னோடி.