பத்து வருஷக் கணக்கு: பழகிப்போன ஒரு பொய்

“அம்பேத்கரே பத்து வருஷத்துக்குத்தானே இடஒதுக்கீடு கேட்டார்? எழுபது வருஷம் தாண்டியும் இன்னும் எதுக்கு?”

டீக்கடை பெஞ்சு, பேருந்து, கல்லூரி விடுதி என்று எங்காவது ஓரிடத்தில் இந்தக் கேள்வியைச் சந்திக்காத தலித் மாணவர் அபூர்வம். கேட்பவர் சட்டப் புத்தகத்தையே கரைத்துக் குடித்தவர் போலக் கேட்பார். நம் பிள்ளை தலையைக் குனிந்துகொள்வார். நம்மிலேயே படித்த பலர் இதை உண்மை என்று நம்புவதுதான் பெரிய வேதனை. “பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகம்” என்றுகூடச் சிலர் சொல்கிறார்கள்.

உண்மை என்ன? அரசியல் சட்டத்தில் பத்து ஆண்டுக் கெடு இருந்தது 334-வது பிரிவில். அது மக்களவை, சட்டப்பேரவைத் தனித் தொகுதிகளைப் பற்றியது. 1950 முதல் பத்து ஆண்டுகள் என்று தொடங்கிய அந்தக் கெடுவை நாடாளுமன்றம் பத்துப் பத்து ஆண்டுகளாக நீட்டித்து வந்திருக்கிறது. 2019-ல் நிறைவேறிய 104-வது திருத்தத்தின்படி 2030 ஜனவரி வரை அது நீள்கிறது. உள்ளாட்சி அமைப்புகளில் நமக்குள்ள தனி இடங்களும் இதே கெடுவோடு பிணைக்கப்பட்டவை.

அந்தப் பத்து ஆண்டும் அம்பேத்கர் விரும்பிக் கேட்டதல்ல. பட்டியல் சாதியினருக்குக் கூடுதல் காலம் கேட்கத் தயாராக இருந்ததாக 1949 ஆகஸ்டில் அரசியல் நிர்ணய சபையில் அவரே பேசியது விவாதப் பதிவுகளில் இருக்கிறது.

வேலைவாய்ப்பு இடஒதுக்கீட்டுக்கு வழிசெய்யும் 16(4) தொடக்கம் முதலே சட்டத்தில் உள்ளது. கல்விக்கான 15(4) வந்ததற்குக் காரணமே நம் மாநிலம்தான். சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணை செல்லாது என்று 1951-ல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் கிளர்ச்சி எழுந்தது. அதே ஆண்டில் முதல் திருத்தத்தின் மூலம் 15(4) சேர்க்கப்பட்டது. இந்த இரண்டு பிரிவுகளிலும் பத்து ஆண்டு என்றோ இருபது ஆண்டு என்றோ ஒரு சொல் கிடையாது.

பிறகு ஏன் இந்தப் பொய் இவ்வளவு ஆழமாக வேரோடியது? உளவியல் ஆய்வுகள் இதற்கு விடை சொல்கின்றன. 1977-ல் அமெரிக்காவில் ஹேஷர் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் கல்லூரி மாணவர்களிடம் இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை பல தகவல்களைச் சொல்லி, எது உண்மையாகப் படுகிறது என்று கேட்டார்கள். திரும்பத் திரும்பக் கேட்ட தகவல்களை, அவை பொய்யாக இருந்தாலும், மாணவர்கள் கூடுதலாக நம்பினார்கள். காதுக்குப் பழகியது மனதுக்கு உண்மையாகிவிடுகிறது.

படித்தவர்கள் தப்பித்துக்கொள்வார்களா? அதுவும் இல்லை. 2015-ல் லிசா ஃபாசியோ குழுவினர் நடத்திய ஆய்வில், ‘ஸ்காட்லாந்துக்காரர்கள் அணியும் மடிப்புப் பாவாடைக்குப் பெயர் சேலை’ என்பது போன்ற பொய்களும் இருந்தன. சரியான விடை தெரிந்தவர்களிடமும், திரும்பக் கேட்டதால் நம்பிக்கை கூடியது.

நினைவும் இப்படித்தான் ஏமாறுகிறது. 1974-ல் எலிசபெத் லோஃப்டஸ், கார் விபத்துப் படம் ஒன்றைச் சிலருக்குக் காட்டினார். கார்கள் ‘இடித்தபோது’ என்ன வேகம் என்று ஒரு பிரிவினரிடமும், ‘நொறுங்க மோதியபோது’ என்ன வேகம் என்று இன்னொரு பிரிவினரிடமும் கேட்டார். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்றார். படத்தில் கண்ணாடியே உடையவில்லை. ஆனாலும் ‘இடித்த’ என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேரும், ‘நொறுங்க’ என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேரும் பார்த்ததாகச் சொன்னார்கள். கேள்வியில் இருந்த ஒரு சொல், இல்லாத கண்ணாடியை நினைவில் கொண்டுவந்து வைத்துவிட்டது.

‘பத்து வருஷம் முடிந்தும் ஏன்?’ என்ற கேள்வியும் அதே வேலையைத்தான் செய்கிறது. கேள்விக்குள்ளேயே பொய் உட்கார்ந்திருக்கிறது. ‘சாதி இன்னும் ஒழியவில்லையே’ என்று நாம் நியாயம் சொல்லத் தொடங்கும்போதே, பத்து வருஷக் கணக்கை ஒப்புக்கொண்டவர்களாகிறோம். நாம் சொல்வது நியாயம்தான். ஆனால் அதற்கு முன், அடித்தளமே தப்பு என்று சொல்ல வேண்டும்.

இன்னொரு பொய்யும் நம் பிள்ளைகளைக் கெடுக்கிறது. தமிழ்நாட்டில் 69 சதவீதம் போக மீதமுள்ள 31 சதவீதம் ‘மற்ற சாதிகளுக்கு’ என்பார்கள். அது எல்லோருக்கும் பொதுவான இடம். மதிப்பெண் இருந்தால் பட்டியல் சாதி மாணவரும் அதில் இடம் பெறலாம். அப்படிப் பெற்றால் அது 18 சதவீதக் கணக்கில் சேராது. இது தெரியாததால் பலர் தங்கள் தகுதியைத் தாங்களே குறைத்து எடைபோடுகிறார்கள். ‘சலுகையில் வந்தவன்’ என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டே சாதிச் சான்றிதழை மறைப்பவர்களும், கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கூசுபவர்களும் உண்டு. பொய் அவர்கள் கையிலிருந்த உரிமையையே பறித்துக்கொள்கிறது.

மாணவர்களே, அடுத்த முறை இந்தக் கேள்வி வந்தால் கோபப்பட வேண்டாம். “எந்தப் பிரிவில் இருக்கிறது?” என்று மட்டும் கேளுங்கள். தமிழிலேயே அரசியல் சட்டம் கிடைக்கிறது. 15, 16, 334 ஆகிய மூன்று பிரிவுகளையும் நோட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஊர் நூலகத்தில் சட்டப் புத்தகம் இல்லையென்றால் வாங்கி வைக்கச் சொல்லி மனு கொடுங்கள்.

ஒரு தடவை சொன்னால் போதும் என்று விட்டுவிடக் கூடாது. அந்தப் பொய் எத்தனை தடவை சொல்லப்பட்டதோ, அத்தனை தடவை உண்மையையும் நாம் சொல்லியாக வேண்டும். வீட்டில் தம்பி தங்கையிடமிருந்து அதைத் தொடங்கலாம்.