ஃபேன் ஐந்தில்... நான் போர்வைக்குள்!

மார்கழி மாதம். ராத்திரி ரெண்டு மணி. ஹாலில் ஃபேன் ஐந்தாம் நம்பரில் சுற்றுகிறது. அப்பா மஃப்ளருக்குள், நான் தலையோடு போர்வைக்குள். நடுவில் அம்மா மட்டும் எழுந்து உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

"அப்படி என்னடா குளிர் உங்களுக்கு? எனக்கு அடுப்பு மேல உட்கார்ந்த மாதிரி இருக்கு!"

காலையில் சாம்பாரில் உப்பு கொஞ்சம் தூக்கல் என்றேன். அவ்வளவுதான்... அம்மா அழுதுவிட்டாள். இத்தனை வருஷ சாம்பார் சரித்திரத்தில் இது முதல் தடவை.

ஆபீஸில் பக்கத்து ஸீட் நண்பன் மூன்று அக்காக்களோடு வளர்ந்தவன். விஷயம் தெரிந்தவன் என்று பேர். காதோரம் சொன்னான்: "மெனோபாஸ்டா. மூலிகை கேப்ஸ்யூல் விக்கிறான், வாங்கிக் குடு. மூலிகைதானே, ஒண்ணும் பண்ணாது!"

'ஒண்ணும் பண்ணாது' என்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டென்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மருந்துக் கடையில் நாலு பேர் போகும்வரை இருமல் மிட்டாயைப் பார்த்துக்கொண்டு நின்று, பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டேன். கடைக்காரர், "ஓ... லேடீஸுக்கு நிக்கிற டயத்துல குடுக்கறதா ஸார்?" என்று தெருவுக்கே அறிவித்துவிட்டு எடுத்துக் கொடுத்தார். 60 கேப்ஸ்யூல், 1,150 ரூபாய். லேபிளில் ஸோயா ஐஸோஃப்ளேவோன், ப்ளாக் கோஹோஷ், சதாவரி. சதாவரி வேறொன்றுமில்லை, நம் தண்ணீர்விட்டான் கிழங்குதான்.

மூன்றாவது வாரம் அம்மா, "கொஞ்சம் தேவலைடா" என்றாள். எனக்கு ஒரே பெருமை. பக்கத்து ஸீட்டுக்குக் காபி வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டாவது மாதம் ஊரிலிருந்து அக்கா ஃபோன்.

"டேய், அம்மாவுக்கு நின்னு ஒன்றரை வருஷமாச்சு. இப்ப மறுபடி ரெண்டு நாளா பட்டிருக்காம். உன் மருந்து நல்லா வேலை செய்யுது, உடம்பு திரும்பிடுச்சுன்னு சந்தோஷமா சொல்றா! நீ நாளைக்கே லீவு போட்டு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ."

லேடி டாக்டர் சிரிக்கவில்லை.

"முழுசா பன்னிரண்டு மாசம் வராம இருந்தாத்தான் மெனோபாஸ்னு சொல்வோம். அதுக்கப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் அதுக்கு மாதவிடாய்னு பேர் இல்லை. காரணம் தேடியே ஆகணும்."

பெரும்பாலும் சின்னக் காரணமாகத்தான் இருக்குமாம். உள்சவ்வு மெலிந்திருக்கும், அல்லது சின்னதாக ஒரு சதை வளர்ந்திருக்கும். ஆனால், இப்படி வருகிறவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அது கருப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளம். சீக்கிரம் பிடித்தால் பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம். 'உடம்பு திரும்பிடுச்சு' என்று ஆறு மாதம் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தால்?

ஸ்கேன் எடுத்தார்கள். கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வர ஒரு வாரம்.

அந்த ஒரு வாரம் எனக்குத் தூக்கமில்லை. ஃபேன் காரணமில்லை. பாட்டிலில் எழுதியிருந்த ஒவ்வொரு பெயரையும் தேடித் தேடிப் படித்தேன். வாங்குவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை!

ப்ளாக் கோஹோஷ் என்பது வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் முளைக்கும் ஒரு செடியின் வேர். அதை ஊரறிய விற்றவர்களில் முக்கியமானவர், மாஸசூஸெட்ஸில் லின் என்ற ஊரைச் சேர்ந்த லிடியா பிங்கம் அம்மாள். 1875-ல் வியாபாரம் ஆரம்பம். இந்த வேரோடு வேறு சில வேர்கள், நம்ம வெந்தயம்... கூடவே கிட்டத்தட்ட நூற்றுக்கு இருபது பங்கு ஆல்கஹால்! சாப்பிட்ட பாட்டிமார்கள் 'தெம்பா இருக்கு' என்று சொன்னதில் என்ன அதிசயம்? 'உங்கள் அந்தரங்கக் கஷ்டங்களை மிஸஸ் பிங்கமுக்கு எழுதுங்கள்' என்ற விளம்பரம் ரொம்பப் பிரபலம். 1905-ல் ஒரு பெண்கள் பத்திரிகை அந்த அம்மாளின் கல்லறையைப் படம் பிடித்துப் போட்டது. அவர் 1883-லேயே போய்ச் சேர்ந்துவிட்டிருந்தார்!

சரி, அது பழங்கதை. இப்போதைய ஆராய்ச்சி? 2006-ல் அமெரிக்காவில் 351 பெண்களை வைத்து ஒரு வருஷம் பார்த்தார்கள். ப்ளாக் கோஹோஷ் சாப்பிட்டவர்களுக்கும் வெறும் டம்மி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை. ஹார்மோன் மாத்திரை மட்டும் நன்றாக வேலை செய்தது. அதே 2006-ல் பிரிட்டிஷ் அரசின் மருந்துத் துறை, 'அபூர்வமாகக் கல்லீரலைப் பாதிக்கலாம்' என்று லேபிளில் போடச் சொன்னது. என் பாட்டிலில் அப்படி ஒரு வரி இல்லை. 'நூறு சதவிகிதம் இயற்கை' என்று இருந்தது. எட்டிக்காயும் இயற்கைதான்!

என் கண்ணைத் திறந்தது 2003-ல் வந்த இன்னோர் ஆராய்ச்சி. ரெட் க்ளோவர் என்ற செடியிலிருந்து எடுத்த இரண்டு வகை மாத்திரைகள். 252 பெண்கள், 12 வாரம். உடம்பு கொதிப்பது ஒரு கோஷ்டிக்கு 41 சதவிகிதம் குறைந்தது, இன்னொன்றுக்கு 34. டம்மி மாத்திரைக்காரர்களுக்கு? 36! அம்மாவின் 'கொஞ்சம் தேவலைடா' எங்கிருந்து வந்தது என்று புரிந்தது. பையன் வாங்கி வந்து, தண்ணீரும் கையுமாக நின்று கொடுத்தானே... அதுவும் சேர்த்துதான்.

ஸோயாவுக்குக் கொஞ்சம் பலன் தெரிகிறது. தண்ணீர்விட்டான் கிழங்குக்குச் சின்னச் சின்ன ஆய்வுகள்தான். பாட்டிலில் தைரியமாக அச்சடிக்கும் அளவுக்கு அல்ல.

ரிசல்ட் வந்தது. பாலிப். கெட்ட சதை இல்லை. அப்பா ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அதைச் சின்ன ஆபரேஷனில் எடுத்துவிட்டார்கள். அம்மா மறுநாளே சமையலறையில்.

டாக்டர் பாட்டிலை வாங்கிப் படித்தார். "இதை தைராய்டு மாத்திரையோட சேர்த்தா போட்டுக்கறீங்க?"

"ஆமா டாக்டர், ஒரே தண்ணில முடிஞ்சிடும்னு..."

"ஸோயா அந்த மாத்திரையைச் சரியா உடம்புல சேர விடாது. தைராய்டு முன்னே பின்னே ஆனாலே வேர்க்கும், படபடங்கும், அழுகை வரும். முதல்ல அதைப் பார்ப்போம்."

பிறகு எனக்காக விளக்கினார். மூளையில் உடம்புச் சூட்டைக் கவனிக்க ஓர் இடம் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அது எங்கள் ஆபீஸ் தீ அலாரம் மாதிரி ஆகிவிடுகிறது. யாரோ ஊதுபத்தி ஏற்றினாலும் கட்டடத்தையே காலி செய்யச் சொல்லும்! அரை டிகிரி ஏறினாலே தோலுக்கு ரத்தம் பாய்ந்து, வேர்வை கொட்டி... அது ஒரு மாதம் ரெண்டு மாதத்தில் போவதில்லை. சராசரியாக ஏழு வருஷம்கூட நீள்கிறது என்று 2015-ல் கணக்கெடுத்திருக்கிறார்கள்.

"ஹார்மோன் கேன்ஸர் வரவழைக்கும்ங்கறாங்களே டாக்டர்?"

"2002-ல வந்த அமெரிக்க ஆராய்ச்சியால வந்த பயம் அது. அதுல சேர்ந்தவங்களுக்குச் சராசரி வயசு 63. உங்கம்மாவுக்கு 50. மார்புப் புற்று, ரத்தக்கட்டு இதெல்லாம் இருந்தவங்களுக்குக் கொடுக்க மாட்டோம். மத்தவங்களுக்கு எடைபோட்டுப் பார்த்துக் கொடுக்கலாம். ஹார்மோன் இல்லாத மருந்தும் இருக்கு. தைராய்டு ரிப்போர்ட் வரட்டும், உட்கார்ந்து பேசலாம்."

வீட்டுக்கு வந்ததும் அம்மா அலமாரியைத் திறந்தாள்.

"இதுல பாதி அப்படியே இருக்குடா... காசு போட்டு வாங்கினது. உங்க அத்தைக்கு அனுப்பிடலாமா? அவளும் ராத்திரியெல்லாம் வேர்க்குதுங்கறா."

பாட்டிலைப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டு, அத்தைக்கு ஃபோன் போட்டேன். நலம் விசாரித்து முடித்து, எச்சிலை விழுங்கிக்கொண்டு, "அத்தை... உங்களுக்கு நின்னு எத்தனை மாசம் ஆச்சு?" என்றேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு ரொம்பச் சின்னக் குரலில்:

"மாமா பக்கத்துல இருக்கார்டா. மொட்டை மாடிக்குப் போய்ப் பேசறேன், இரு... வெச்சிடாதே!"