செத்துப்போன மார்க்கருக்குள் என்ன இருக்கிறது?

கனடாவின் டொராண்டோ நகரில் பல பள்ளிகளில் 'மேக்கர் ஸ்பேஸ்' என்று ஓர் இடம் ஒதுக்கியிருப்பார்கள். பிள்ளைகள் தாங்களே எதையாவது செய்து பார்க்கிற இடம் அது. முப்பரிமாண அச்சு இயந்திரம் இருந்தால் எல்லாருடைய கண்ணும் அதன்மேல்தான். ஆனால் தினமும் கைபடுவது அட்டை, பசை, நூல், கத்தரிக்கோல், மார்க்கர் இவைதான். நம்மூரில் ஸ்கெட்ச் பேனா என்கிறோமே, அதுதான் மார்க்கர்.

"டீச்சர், இது எழுதல!" என்று யாராவது சொன்னால் மார்க்கர் குப்பைக்கூடைக்குப் போய்விடும். அவசரப்படாதீர்கள். அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

உள்ளே பஞ்சு போன்ற இழைக்கட்டு ஒன்று இருக்கும். மை அதில்தான் ஊறியிருக்கிறது. விளக்குத் திரியில் எண்ணெய் தானாக ஏறுவதுபோல, இழைகளின் நடுவே உள்ள மெல்லிய இடைவெளிகள் வழியாக மை முனைக்கு வருகிறது. இதற்குத் தந்துகி ஏற்றம் என்று பெயர். இப்படி இழைமுனை கொண்ட பேனா 1960களின் தொடக்கத்தில் ஜப்பானில் உருவானது.

பிள்ளைகளுக்கான மார்க்கரில் உள்ள மை பெரும்பாலும் தண்ணீர். அதில் சாயம் கரைந்திருக்கிறது. மூடியைத் திறந்து வைத்தால் தண்ணீர் ஆவியாகிப் போகும். சாயம் போகாது! உள்ளேயே உட்கார்ந்திருக்கும். அதாவது, செத்துப்போனதாக நாம் நினைக்கும் மார்க்கருக்குத் தாகம், அவ்வளவுதான்.

டொராண்டோ குளிர்காலத்தில் இந்தத் தாகம் சீக்கிரம் வரும். மைனஸ் 10 டிகிரி செல்சியஸ் குளிரில் ஒரு கனமீட்டர் காற்றால் ஏறத்தாழ 2 கிராம் நீராவியைத்தான் வைத்துக்கொள்ள முடியும். அதே காற்று வகுப்பறைக்குள் வந்து 21 டிகிரிக்குச் சூடானால், 18 கிராம் வரை வைத்துக்கொள்ளும். ஆனால் கையில் இருப்பதோ அந்த 2 கிராம்தான். அதனால் அது கண்ட இடத்திலெல்லாம் ஈரத்தை உறிஞ்சும்: உதடு, தோல், திறந்து கிடக்கும் மார்க்கர் முனை. டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், ஜனவரியில் உதடு வெடிக்கிற கதையைச் சொல்வார்கள். சென்னைக் காற்றில் ஈரம் அதிகம். அங்கே அதே மார்க்கர் கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும்.

சில மூடிகளின் உச்சியில் ஓட்டை இருக்கும். மை உலரட்டும் என்றா வைத்தார்கள்? இல்லை, சின்னப் பிள்ளை யாராவது மூடியை விழுங்கித் தொண்டையில் சிக்கிக்கொண்டால், மூச்சு போய்வர ஒரு வழி வேண்டும் என்பதற்காக.

சரி, காய்ந்த மார்க்கர்களை என்ன செய்வது? மார்க்கர் தயாரிக்கும் கிரயோலா நிறுவனம் அமெரிக்கா, கனடா பள்ளிகளிலிருந்து அவற்றைத் திரும்பச் சேகரித்து வந்தது. 2020இல் அது நின்றுபோனது. டொராண்டோவில் 'ஆர்ட்ஸ்ஜங்ஷன்' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. பிறருக்கு வேண்டாமல் போன துணி, காகிதம், மரத்துண்டு, பொத்தான் போன்றவற்றை அது வாங்கி வைக்கும். ஆசிரியர்களும் கலைஞர்களும் தங்களால் முடிந்ததைக் கொடுத்துவிட்டு எடுத்துப் போகலாம். புதுப் பெட்டி பிரிப்பதைவிட இப்படிப்பட்ட மிச்சம் மீதியில்தான் மூளைக்கு வேலை அதிகம் என்பது என் கட்சி.

காய்ந்த மார்க்கர்களை நிறவாரியாகப் பிரித்து, முனை மூழ்கும்படி ஒரு கப் தண்ணீரில் ஓரிரு நாள் போட்டு வையுங்கள். சாயம் மெல்ல இறங்கி, தூரிகையில் தொட்டுத் தீட்டும் நீர்வண்ணம் கிடைக்கும். கறுப்பை மட்டும் தனியே எடுத்து வையுங்கள், அதில் வேறு வேலை இருக்கிறது.

காபி மெஷினில் போடும் வடிதாளிலிருந்து ஒரு பட்டை வெட்டுங்கள். அடியிலிருந்து இரண்டு விரல் மேலே, கறுப்பு நீர்வண்ணத்தில் ஒரு புள்ளி வைத்துக் காயவிடுங்கள். பிறகு பட்டையின் நுனி மட்டும் தண்ணீரில் தொடும்படி நிறுத்துங்கள். புள்ளி தண்ணீருக்குள் போய்விடக் கூடாது. தண்ணீர் தாளில் ஏறும்போது சாயங்களையும் இழுத்துக்கொண்டு போகும். தாளோடு அதிகம் ஒட்டாத, தண்ணீரில் நன்றாகக் கரைகிற சாயம் உயரே ஓடும். தாளைப் பிடித்துக்கொள்ளும் சாயம் பின்தங்கும். நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள் என்று கறுப்பு பிரிந்து விரியும்!

இது வண்ணப்பிரிகை முறை. இலைகளில் உள்ள நிறமிகளை இப்படிப் பிரிக்க வழி கண்டவர் ரஷ்யத் தாவரவியலாளர் மிகயில் ஸ்வெட். அவர் தாளுக்குப் பதில் சுண்ணாம்புத் தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயைப் பயன்படுத்தினார். பின்னாளில் இந்த முறையை வளர்த்தெடுத்த ஆர்ச்சர் மார்ட்டினுக்கும் ரிச்சர்ட் சிங்குக்கும் 1952இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. காசோலையில் ஓர் எண்ணை வேறு பேனாவால் திருத்தியிருக்கிறார்களா என்று தடய அறிவியல் ஆய்வகங்கள் சோதிக்கவும் இதே உத்தி உதவுகிறது.

அழியாத மை என்று எழுதியிருக்கும் மார்க்கரில் இது நடக்காது. அந்தச் சாயம் தண்ணீரில் கரையாது. நெயில் பாலிஷ் அகற்றும் திரவம், ஸ்பிரிட் என்று ஏதாவது வேண்டியிருக்கும். அதை ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

இரண்டு கம்பெனிகளின் கறுப்பு மார்க்கர் கிடைத்தால் அடுத்தடுத்த பட்டைகளில் புள்ளி வையுங்கள். இரண்டிலும் ஒரே நிறங்கள், ஒரே வரிசையில் வருகின்றனவா? பழுப்பு நிற மார்க்கரையும் விடாதீர்கள். அதற்குள் பச்சை இருக்குமா இருக்காதா என்று முதலிலேயே பந்தயம் கட்டிவிட்டுப் பட்டையை நிறுத்துங்கள்.