மிக்சிக்கு இறங்கி வந்த மாமியார்!

"மிக்சியில் அரைத்த சட்னியா? எனக்கு வேண்டாம்!"

இப்படிச் சொல்லாத மாமியார் ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் உண்டா?

பக்கத்து வீட்டில் மிக்சி "கர்ர்" என்று கத்தும். இந்த வீட்டில் மருமகள் அம்மிக் குழவியை உருட்டிக்கொண்டு இருப்பாள். செவ்வாப்பேட்டையிலும் இதே கதைதான்.

மாமியார் பேச்சிலும் நியாயம் இருந்தது. கல் நசுக்கும், மிக்சியின் பிளேடு வெட்டும். பிளேடு நிமிடத்துக்குப் பல ஆயிரம் தடவை சுற்றுவதால் மாவு சூடாகும். உளுந்து பொங்கி வராது. அப்புறம் இட்லி எப்படிப் பூப்போல இருக்கும்?

மனைவிக்காக...

வெளிநாட்டு மிக்சிகள் நம் சமையலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. மாதூர் என்ற என்ஜினீயர் வீட்டில் அப்படி ஒன்று பழுதானது. மனைவி மாதுரிக்காக, மஞ்சளையும் மிளகாயையும் அரைக்கக்கூடிய மிக்சியைச் செய்ய அவர் 1963-ல் முனைந்தார். அதுதான் பின்னால் வீடுதோறும் பேசப்பட்ட 'சுமீத்'.

கோவைக்காரர்கள் வேறு வழி கண்டார்கள். ஆட்டுக்கல்லுக்கே மோட்டார் வைத்துவிட்டார்கள்! கிரைண்டரில் கல் மெதுவாகச் சுற்றும். மாவு அவ்வளவாகச் சூடேறாது. மாமியார்களின் வாய் பாதி அடைத்தது.

காக்களூரில் விழா

செவ்வாப்பேட்டையில் ரெயில் ஏறினால் அடுத்தது புட்லூர், அதற்கு அடுத்தது திருவள்ளூர். அந்தப் பக்கத்தில்தான் காக்களூர் இருக்கிறது. 2011 செப்டம்பர் 15-ந் தேதி, விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தை அன்றைய முதல்-அமைச்சர் ஜெயலலிதா அங்கேதான் தொடங்கிவைத்தார். காசு கொடுத்து வாங்கமாட்டேன் என்றவர்களும் இதை வேண்டாம் என்று சொல்லவில்லை.

வேடிக்கை என்னவென்றால், 2012-ல் தமிழ்நாடு முழுவதும் கடும் மின்வெட்டு. மிக்சி இருந்தது, கரண்டு இல்லை! மூலையில் கிடந்த அம்மிக்கு மறுபடியும் மவுசு வந்தது.

யார் அரைப்பது?

ஆனால் மாமியாரை மாற்றியது இலவசம் மட்டும் அல்ல. அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர், கும்மிடிப்பூண்டி என்று சுற்றிலும் தொழிற்சாலைகள். மருமகள் வேலைக்குக் கிளம்பிவிட்டாள். விடியற்காலையில் கம்பெனி வேனைப் பிடிக்கவேண்டும். இல்லை என்றால் மின்சார ரெயில். அம்மி முன் உட்கார அவளுக்கு நேரம் ஏது?

அப்படியானால் யார் அரைப்பது? மாமியார்தான்!

நாலு நாள் குழவியை இழுத்தார். தோள் வலித்தது. முட்டி மடங்க மறுத்தது. ஐந்தாம் நாள் மிக்சியின் பட்டனைத் திருகினார். ருசியைப் பற்றி அன்று பேச்சே எழவில்லை.

கல்யாணத்தில் மணப்பெண் கால்வைக்க மட்டும் இன்றும் அம்மி வேண்டும். அந்த அம்மியில் யாரும் மிளகாய் அரைப்பது இல்லை.

தினமும் அரைத்தால் அம்மி வழவழ என்று தேய்ந்துபோகும். அதைக் கொத்துவதற்கு, உளியும் சுத்தியலுமாக ஒருவர் தெருவில் கூவிக்கொண்டு வருவார். "அம்மி கொத்தணுமா... ஆட்டுக்கல் கொத்தணுமா..." அதுதான் அவருடைய பிழைப்பு. மிக்சி வந்தபோது அவரை யாரும் யோசனை கேட்கவில்லை. அந்தக் குரல் இப்போது அபூர்வமாகத்தான் கேட்கிறது.